என் ஞாயிற்றுக்கிழமைக்கு யார் வேலை பார்த்தது?

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான்.

என் பைக் டேங்க்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கு. மத்தேயு 6:33. "தேவனுக்கு முதலிடம்"னு யாராவது சாட்சி சொல்லக் கூப்பிட்டா, சொல்றதுக்கு என்கிட்ட ஒரு கதை எப்பவும் ரெடியா இருக்கும்.

கதை இதுதான். நான் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக கம்பெனியில லைன் இன்ஜினீயர். மாசக் கடைசியில டிஸ்பாட்ச் அதிகமானா ஞாயிறும் லைன் ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்ல லிஸ்ட் வரும். சேர்ந்த புதுசுலயே, "சார், ஞாயிறு சர்ச். என்னால முடியாது"ன்னு சொல்லிட்டேன். அந்த வருஷம் இன்க்ரிமென்ட் குறைஞ்சுது. ஆனா அதுக்கப்புறம் லிஸ்ட்ல என் பேர் வந்ததே இல்லை. சபையில இதைச் சொன்னப்போ எல்லாரும் ஆமென் சொன்னாங்க. மனசு குளிர்ந்துபோச்சு.

இந்த ஏரியா தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், இங்கெல்லாம் கிழமைக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. பழைய 1948 தொழிற்சாலைச் சட்டத்துல வார விடுமுறை ஞாயிறுன்னுதான் இருந்துது. ஆனா முன்னாடி மூணு நாளைக்குள்ளயோ பின்னாடி மூணு நாளைக்குள்ளயோ ஒரு நாள் லீவு கொடுத்துட்டா, ஞாயிறு வேலை வாங்கலாம்னும் அதுல இருந்துது. அதனால எங்க பஸ்ல ஒரு ஜோக் உண்டு: "இந்த வாரம் உனக்கு ஞாயிறு என்னைக்கு?" "செவ்வாய்க்கிழமை."

போன வருஷம் ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வர்றோம். பின் சீட்ல ஒருத்தர் மெதுவா பாடிட்டிருக்கார். பாஷை புரியலை. ஆனா மெட்டு தெரியும். எங்க பாட்டி பாடுற லுத்தரன் பாட்டு அது. நான் மயிலாடுதுறைப் பக்கம், தரங்கம்பாடி சபைக் குடும்பம். 1706-ல சீகன்பால்க் வந்து இறங்கின ஊர். அவர் ஜார்க்கண்ட். 1845-ல ராஞ்சிக்கு வந்த கோஸ்னர் மிஷனரிகளோட சபை. ரெண்டு பக்கமும் ஜெர்மன் மிஷனரிகள், ஒரே மெட்டு, ஒரே கம்பெனி பஸ். எனக்கு ஒரே சந்தோஷம். என் அரைகுறை இந்தியில கேட்டேன், "பையா, இங்க எந்த சர்ச் போறீங்க?"

அவர் சிரிச்சார். "ஏழு மாசமா போகலை சார். ஞாயித்துக்கிழமை உங்க ஸ்டேஷன்ல நான்தானே நிக்கிறேன்?"

நான் அப்புறம் எதுவும் பேசலை.

யோசிச்சுப் பாருங்க. லிஸ்ட்ல என் பேர் இல்லைன்னா அந்த இடம் காலியா இருக்காது. சூப்பர்வைசர் காண்ட்ராக்டருக்கு போன் பண்ணுவார், "ஆள் ஒண்ணு குறையுது"ன்னு. காண்ட்ராக்ட்ல இருக்கிறவர் "சார், சர்ச்"னு சொன்னா அடுத்த மாசம் அவருக்கு வேலை இருக்குமான்னே தெரியாது. என் வேலை அப்படிப் போகாது. நான் பெருசா பேசிட்டிருந்த அந்த விலையில பாதியை அவர் கட்டியிருக்கார்.

வீட்டுக்குப் போய் பத்துக் கட்டளையைப் படிச்சேன். அது வேதாகமத்துல ரெண்டு இடத்துல வருது. யாத்திராகமம் 20-ல ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு: ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். சண்டே கிளாஸ்ல நான் மனப்பாடம் பண்ணது அதைத்தான். உபாகமம் 5-ல காரணமே வேற. உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறணும், நீயே எகிப்துல அடிமையா இருந்தவன்தானேன்னு கேட்குது. இத்தனை வருஷத்துல எத்தனையோ தடவை அந்த வசனத்தைத் தாண்டிப் போயிருக்கேன்.

இன்னொரு விஷயமும் எனக்கு ரொம்ப லேட்டாத்தான் உறைச்சுது. ஆரம்பகாலக் கிறிஸ்தவங்களுக்கு ஞாயிறு லீவே கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-ல சட்டம் போட்ட பிறகுதான் அது ஓய்வு நாள் ஆச்சு. அதுலயும் விவசாயம் பார்க்கிறவங்களுக்கு விலக்கு! அதுக்கு இருநூறு வருஷம் முன்னாடி, பிளினின்னு ஒரு ரோம கவர்னர் கிறிஸ்தவங்களை விசாரிச்சு ராஜாவுக்குக் கடிதம் எழுதறார். இவங்க குறிப்பிட்ட ஒரு நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடறாங்கன்னு அதுல இருக்கு. அவர் சித்திரவதை பண்ணி விசாரிச்ச ரெண்டு பேர் அடிமைப் பெண்கள், சபையில ஊழியம் செஞ்சவங்க. பகல்ல அவங்களுக்கு எஜமான் வேலை இருந்திருக்கும். ஏ ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிக்கிற ஜனங்க மாதிரிதான் அந்த சபையை எனக்கு இப்போ கற்பனை பண்ண முடியுது.

அப்போ ஆராதனைக்குப் போறது முக்கியமில்லையான்னு கேட்காதீங்க. முக்கியம்தான். அவருக்கும் அது முக்கியம்ங்கிறதுதான் என் பிரச்சினையே.

சூப்பர்வைசர்கிட்ட போய், ஞாயிறுகளை மாத்தி மாத்திப் போடுங்க சார், மாசத்துல ரெண்டு நான் வர்றேன்னு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னப்பா, சாமி கோச்சுக்காதா?" பையாகிட்டயும் கேட்டேன்: ஓ.டி. காசு போகுமே, பரவாயில்லையா? "காசு வேணும் சார். ஆனா எல்லா ஞாயிறும் வேணாம்"னார். தாம்பரம் பக்கம் ஒரு இந்தி ஆராதனை இருக்குன்னு கண்டுபிடிச்சோம். ரெண்டு பஸ் மாறிப் போறார்.

இப்போ சபையில என் பேர் கொஞ்சம் கெட்டுப்போச்சு. கொயர்ல பாதி வாரம் நான் இல்லை. பாஸ்டர் அன்பாத்தான் கேட்டார், "தம்பி, தேவனுக்கு இன்னும் முதலிடம் இருக்கா?" முழுக் கதையையும் சொல்லி இன்னொரு தடவை ஆமென் வாங்கியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துது. "ஜெபம் பண்ணிக்குங்க ஐயா"ன்னு மட்டும் சொன்னேன். சொல்லாம அடக்கிட்டேனேன்னு ஒரு பெருமை வந்துது பாருங்க, அதை என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. இப்போ உங்ககிட்ட சொல்லிட்டேன் வேற.

நாளைக்கு ஞாயிறு, என் முறை. அஞ்சே காலுக்கு ஒரகடம் ஜங்ஷன்ல பஸ். அதனாலதான் சனிக்கிழமை ராத்திரியே ரெக்கார்ட் பண்றேன். நடுவுல கன்டெய்னர் லாரி சத்தம் கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க.