பாட்டியையும் கூப்பிட்டுப் பேசுங்கள்

பிரசவத்திற்கும் பண்பாட்டிற்கும் என்ன சம்பந்தம், டாக்டர் சொன்னபடி நடந்தால் போதாதா என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இந்த நாட்டின் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

1957இல் இங்கு ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். 1990களில் அது 50க்கும் கீழே வந்துவிட்டது. கிராமக் கிளினிக்குகள், பயிற்சி பெற்ற தாதியர், சாலை, ரத்த வங்கி எல்லாம் இதற்குக் காரணம். இன்னொரு காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. கம்போங் பெண்கள் பிடானைத்தான் நம்பினார்கள். அரசாங்கம் அந்தக் கிழவியை விரட்டவில்லை. பெயரைப் பதிந்து, சுத்தம் கற்றுக் கொடுத்து, ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்தது. உடம்பு பிடித்து விடுவதும் பத்தியமும் பிரார்த்தனையும் பிடானிடம் இருக்கட்டும், பிள்ளையை எடுப்பது தாதியின் வேலை என்று சுமுகமாகப் பிரித்துக் கொண்டார்கள். பண்பாட்டை மதிப்பது என்றால் இதுதான்.

நம் தோட்டங்களின் கதை வேறு. தோட்டம் தனியார் நிலம். அங்கே மருத்துவம் பல்லாண்டு காலம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. டிரஸர் இருந்தார், மருந்து கொடுத்தார். ஆனால் லயத்தில் பிள்ளைப்பேறு பார்த்த நம் பாட்டிமார்களுக்குப் பிடானுக்குக் கிடைத்த அந்த மரியாதை அதே அளவில் கிடைக்கவில்லை.

சுங்கை காடுட் வட்டாரத்தில் இன்று தொழிற்பேட்டையும் தாமான்களும் பெருகிவிட்டன. ரப்பர் மரம் போனாலும் பத்தியம் கூடவே வந்துவிட்டது. அதில் தவறென்ன? பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் யாரையும் கெடுக்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்ணை ஒரு மாதம் அடுப்படிக்கு விடாமல் உட்கார வைத்துச் சோறு போடுவது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் சிலவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் குறைத்து, எழுந்து நடக்கவும் விடாமல் படுக்க வைக்கிறார்கள். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் நிமிடங்களில் உயிர் போய்விடும். நம் நாட்டில் தாய்மார்களைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வியாதி நம் இனத்துப் பெண்களிடம் அதிகம்; அவர்களுக்குக் கருப்பட்டி லேகியத்தை அளவில்லாமல் கொடுக்கலாமா? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித் தண்ணீர் புகட்டும் வழக்கமும் அப்படித்தான். குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்தே அந்தச் சீம்பால்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். எதைக் கேட்டாலும் "ஜாங்கான்" என்று ஒரே வார்த்தையில் மறுத்தால் என்ன நடக்கும்? அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதையே செய்வாள். மறுமுறை மிஸி வீடு தேடி வந்து கேட்டால், லேகியமா, நான் சாப்பிடவே இல்லையே என்பாள். சுறாப் புட்டையும் தண்ணீர் மறுப்பதையும் ஒன்றாகத் திட்டினால், எது ஆபத்து என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசி மாதப் பரிசோதனைக்கு வரும்போது மாமியாரையோ அம்மாவையோ உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். பத்தியத்தில் என்ன கொடுப்பீர்கள் அம்மா என்று முதலில் கேளுங்கள். நல்லதை நல்லது என்று சொல்லுங்கள். அதன் பிறகு தண்ணீரைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள். மொழி தெரியாவிட்டால் தமிழ் தெரிந்த ஊழியரைக் கூப்பிடுங்கள்; கூட வந்த பள்ளிப் பிள்ளையை வைத்துத் தாயின் உதிரப்போக்கைப் பற்றி விசாரிக்காதீர்கள். ஆண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திரையை இழுங்கள். இதற்கெல்லாம் பட்ஜெட் தேவையில்லை.

நம் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அட்டையில் சிவப்பு அடையாளம் ஒட்டினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். நாள் நட்சத்திரம் பார்க்க அதில் இடமில்லை.

மிஸிமார்களே, இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டை வாடையே ரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையை மூளை வரை கொண்டு போகும். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துத் தாயிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பழைய வேட்டித் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குழந்தைக்கு விரிப்பவர் பாட்டி. அவரிடம் யாராவது சொன்னார்களா?