மாணவர் சொல்லும் மூத்தவர் துணையும்

ஆசிரியர் மேம்பாடு என்னும் தொடர் கல்வித்துறையில் பெரும்பாலும் பணியிடைப் பயிற்சி, புத்தாக்கப் பயிற்சி ஆகியவற்றைக் குறிப்பதாகவே வழங்கிவருகிறது. வட்டார வள மையத்தின் கூடத்தில் இரண்டு நாள் அமர்ந்து, கையேட்டைப் பெற்று, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்பும் ஓர் ஆசிரியர் அங்கே கற்றது வகுப்பறையில் என்னவாயிற்று என்பதை நாள்தோறும் அறிபவர்கள் இருவரே ஆவர்: ஒருவர் எதிரே அமர்ந்திருக்கும் மாணவர், மற்றவர் அடுத்த அறையில் பாடம் நடத்தும் சக ஆசிரியர். இவ்விருவரையும் கேளாமல் நடைபெறும் மேம்பாட்டு முயற்சி பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதும், மாணவரின் கருத்து அனுபவம் மிக்க மூத்தவர் ஒருவரின் துணையோடு ஆசிரியரைச் சென்றடையும்போதுதான் பயன் தருகிறது என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்துகள்.

இங்கே பின்னூட்டம் என்பது, கற்பித்தல் தம்மிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்று மாணவர் ஆசிரியருக்குத் திருப்பிச் சொல்லும் செய்தியைக் குறிக்கும். வழிகாட்டல் என்பது, மேலதிகாரி செய்யும் ஆய்வு அன்று. அதே பணியில் நெடுநாள் தேர்ந்த ஒருவர் மற்றொருவரின் வகுப்பில் அமர்ந்து, பார்த்து, பின் தனித்துப் பேசும் தொடர்ந்த உறவு.

மாணவர் ஆசிரியரை மதிப்பிடுவது மேல்நாட்டு வழக்கம், குருபக்தி மிக்க தமிழ் மரபுக்கு ஒவ்வாதது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். நல்லாசிரியரின் இலக்கணத்தைச் சொன்ன அந்நூல், ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு உவமைகளைத் தருகிறது. கழற்சிக்காய்களை இட்டு வைத்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் இட்ட முறையில் வெளிவராமல் பிறழ்ந்து விழுவதுபோல, கற்ற வரிசை மாறிக் குழப்பிச் சொல்பவர் கழற்குடம். தானே விழுந்தாலன்றி நெருங்கிப் பறிக்க முடியாத பனைபோல, தாமாகச் சொன்னாலன்றிக் கேட்டுப் பெற இயலாதவர் மடற்பனை. அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே பிடுங்கியெடுக்க வேண்டிய குடுக்கைபோல, அரிதில் கற்றதை எளிதில் பிறருக்குத் தர மாட்டாதவர் பருத்திக்குண்டிகை. நீர் ஊற்றி வளர்த்தவனுக்கன்றி வேலிக்கு அப்பால் சாய்ந்து பிறருக்குக் காய் கொடுக்கும் முடத்தெங்குபோல, தம்மை வழிபட்டு நிற்போரை விடுத்து வேறு எவருக்கோ கற்பிப்பவர் நான்காமவர்.

இந்நான்கு குறைகளும் எங்கிருந்து பார்த்தால் தெரியும் என்பதே இங்குக் கருதத்தக்கது. வரிசை பிறழ்ந்த விளக்கம் அதைச் சொல்பவருக்குத் தெளிவாகவே தோன்றும். நெருங்க முடியாமை நெருங்க முயன்று திரும்பியவனுக்கே தெரியும். ஒருபுறமாகச் சாயும் அன்பை மறுபுறம் அமர்ந்தவனே உணர்வான். ஆகவே நன்னூலின் இப்பகுதி மாணவரின் இருக்கையிலிருந்து நோக்கிய ஒருவர் வகுத்த மதிப்பீடு என்றே கொள்ளத் தோன்றுகிறது. மரபு கேட்கத் தயங்காததை இன்றைய பள்ளி கேட்கத் தயங்குவதற்கு நியாயம் இல்லை.

மாணவரின் கருத்தை முறையாகத் தொகுக்கும் முயற்சி அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1920களில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்னும் உளவியலாளரால் உருப்பெற்று, மதிப்பெண் இடும் படிவமாக உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1994இல் தொடங்கப்பட்டுப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தன் முறையை 2017இல் திருத்தியபோது, மாணவர் மனநிறைவு ஆய்வு ஒன்றையும் அதில் சேர்த்தது. இக்குழுவின் நாக் என்னும் சுருக்கப் பெயரைக் கேட்டாலே கல்லூரிகளில் கோப்புகள் வேகமாக நகர்வது அனைவரும் அறிந்ததே. ஆனால் அக்கோப்புகளில் சேரும் ஐந்து புள்ளி அளவுகோலின் சராசரி, ஓர் ஆசிரியருக்கு 3.8 என்று சொல்லும். அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அவர் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

எண்ணின் குறை அத்துடன் முடிவதில்லை. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் எந்த மாணவருக்கு எந்த ஆசிரியர் என்பது குலுக்கல் முறையில் அமைவதால், கேரல், வெஸ்ட் ஆகிய இரு பொருளியலாளர்கள் அங்குள்ள தரவுகளை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நடப்புப் பாடத்தில் மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியர்களை மாணவர் உயர்வாக மதிப்பிட்டனர் என்றாலும், அவர்களிடம் பயின்றோர் அதன் தொடர்ச்சியான மேற்பாடங்களில் பின்தங்கினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. தேர்வுக்கு மட்டும் தயார்செய்பவர் விரும்பப்படுகிறார், அடித்தளம் இடுபவர் உடனே விரும்பப்படுவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வினா வங்கிக்கும் வழிகாட்டி நூலுக்கும் பழகிய தமிழ்நாட்டு வகுப்பறைக்கு இது அந்நியமான செய்தி அன்று. பெண் ஆசிரியர்களை மாணவர் மதிப்பீடு குறைத்துக் காட்டுகிறது என்பதை போரிங், ஒட்டோபோனி, ஸ்டார்க் ஆகியோர் 2016இல் பிரெஞ்சு, அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினர். எனவே மாணவர் மதிப்பீட்டை ஊதிய உயர்வுக்கோ பணி நீக்கத்துக்கோ அளவுகோலாக்குவது அநீதி. அவ்வாறு ஆக்கிய நாளிலேயே அது கற்பதற்கான கருவி என்னும் தன்மையை இழந்துவிடும்.

அவ்வாறாயின் மாணவரைக் கேட்பதால் என்ன பயன் என்ற வினா எழும். இதற்குரிய விடையைப் பீட்டர் கோஹன் 1980இல் செய்த தொகுப்பாய்வு தருகிறது; தொகுப்பாய்வு என்பது தனித்தனியே நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்க்கும் முறை. மாணவரின் கருத்துத் தாளை மட்டும் கையில் பெற்ற கல்லூரி ஆசிரியரிடம் சிறிதளவே முன்னேற்றம் தெரிந்தது. அத்தாளைத் துறை அறிந்த ஒருவரோடு அமர்ந்து கலந்து பேசியவரிடம் அதனினும் மிகுதியான முன்னேற்றம் தெரிந்தது. தாள் ஒன்றுதான், இடையே ஒரு மனிதர் இருந்தாரா இல்லையா என்பதே வேறுபாடு. 2018இல் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் ஆகிய மூவர் 60 ஆய்வுகளைத் தொகுத்து, உடனிருந்து வழிகாட்டுவது கற்பித்தலின் தரத்தையும் மாணவரின் தேர்ச்சியையும் உயர்த்துகிறது என்று கண்டனர். திட்டம் பெரிதாகப் பெரிதாக அப்பயன் மெலிகிறது என்பதும் அவர்கள் கண்டதே. ஆணை பிறப்பித்து மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கத்தக்கது அன்று இது.

மாணவர் சொல், மூத்தவர் துணை ஆகிய இவ்விரண்டும் ஓர் ஆசிரியரின் வாழ்வில் ஒரே ஆண்டில் சேர்ந்து வந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே நிகரற்ற சான்று உண்டு. 1880 பிப்ரவரியில், கும்பகோணம் அரசினர் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் வேளையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தம்மைப் போலவே பயின்ற உ.வே.சாமிநாதையரைத் தம் இடத்துக்குக் கொண்டுவந்தார். தக்கவரை அடையாளம் கண்டதும், அவருக்காகக் கல்லூரியின் முதல்வர் கோபால ராவிடம் பரிந்து பேசியதும் செட்டியாரின் செயல்கள். மூத்தவர் துணை என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த ஐயர், தாம் படித்திருந்த அந்தாதிகளையும் உலாக்களையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் அவற்றுக்கு மசியவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சிந்தாமணியின் படி ஒன்றைக் கொடுத்து, அதைத் தமக்குப் பாடம் சொல்லுமாறு வேண்டினார்.

பாடம் கேட்க வந்தவர், ஆசிரியர் கற்றது போதாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்போது ஐயருக்கு வயது 25. கல்லூரி ஆசிரியர் என்ற பெருமையோடு வந்தவர். அச்சொல்லை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், விளங்காத நூலோடு போராடி, சமணக் கருத்துகளை அறிய ஊரிலிருந்த சமணரிடமே சென்று கேட்டுத் தெளிந்து, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டும் புறநானூறும் மணிமேகலையும் அவ்வழியில் பின்தொடர்ந்தன. மாணவர் ஒருவரின் வினா ஓர் ஆசிரியரை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு எல்லை இல்லை.

இச்சொற்பொழிவு நிகழும் திருமுல்லைவாயிலைச் சுற்றியுள்ள மக்களுக்கு மூத்தவர் துணை என்பது புதிய கருத்து அன்று. 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேரும் இளைஞர், தேர்ந்த ஒரு டர்னரின் அருகே நின்று, லேத்தில் வெட்டுளி எழுப்பும் ஓசை மாறுவதைக் காதால் அறியப் பழகிய பின்னரே தனியே எந்திரத்தை ஏற்கிறார். அந்த டர்னரின் மகளுக்குப் பாடம் நடத்த வரும் புதிய ஆசிரியரோ, பி.எட். சான்றிதழும் பணி ஆணையும் கையில் வந்த மறுநாளே 40 பிள்ளைகள் கொண்ட வகுப்பில் தனியே நிறுத்தப்படுகிறார். இரும்புக்குத் தரும் அக்கறையைப் பிள்ளைகளுக்குத் தராதிருப்பது வருந்தத்தக்கது.

செய்யத்தக்கது என்ன என்பதைச் சற்று அருகிருந்து காணலாம். ஒன்பதாம் வகுப்புக் கணிதப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடங்களில், பின் பெஞ்சில் அமர்ந்து பாடத்தைக் கவனித்த மூத்த ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அரைத்தாள் ஒன்றைக் கொடுக்கிறார். ஆசிரியர் நல்லவரா, பிடிக்கிறதா என்ற வினா அதில் இல்லை. இன்று எந்த இடம் வரை புரிந்தது, எந்த இடத்தில் நூல் அறுந்தது, அப்போது கேட்க முடிந்ததா என்பவை மட்டுமே உள்ளன. பெயர் எழுத வேண்டியதில்லை என்றாலும் மாணவரின் கையெழுத்தை ஆசிரியர் அறிவார். மதிப்பெண் அவர் கையில் இருப்பதை மாணவரும் அறிவார். ஆகவே தாள்கள் மூத்தவரிடமே தங்கிவிடுகின்றன. 'மூன்றாவது வரி எழுதி முடிப்பதற்குள் போர்டை அழித்துவிடுகிறார்' என்று ஏழு பேர் எழுதியிருந்தால், ஏழு பேர் என்பதும் மூன்றாவது வரி என்பதும் மட்டுமே ஆசிரியருக்குச் சொல்லப்படும். கரும்பலகையின் வலப்பக்கத்தில் எழுதத் தொடங்கும்போது இடப்பக்கத்தை அவர் தம்மையறியாமல் துடைத்ததை மூத்தவரும் பார்த்திருப்பார். இருவரும் அடுத்த வாரத்துக்கு அந்த ஒன்றை மட்டும் திருத்த உடன்படுவர். வாரம் கழித்து மீண்டும் அரைத்தாள். சொன்னது கேட்கப்பட்டது என்று மாணவர் கண்டபின் எழுதும் இரண்டாம் தாள், முதல் தாளைவிட நேர்மையாக இருக்கும்.

எழுதத் தெரியாத சிறு பிள்ளைகளிடமும் பின்னூட்டம் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், சுவரின் தாழ்ந்த பகுதியில் குழந்தைகளுக்கெனக் கரும்பலகை அமைந்தது; தரையில் அமர்ந்த குழந்தை அதில் எழுதியதும் எழுதாமல் விட்டதும், பார்க்கத் தெரிந்த ஆசிரியருக்கு அன்றன்றைய பின்னூட்டமாயின. 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. அதற்கான மதிப்பீடு செயலியில் பதிவேற்றப்படுகிறது. பதிவேற்றம் முடிந்தபின், ஒரு குழந்தை ஏன் அரும்பிலேயே நிற்கிறது என்று ஆசிரியரோடு அமர்ந்து பேச ஒருவர் வேண்டும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் அதற்கென்றே உள்ளவர். புள்ளிவிவரம் திரட்டும் வேலையிலிருந்து அவரை விடுவித்து வகுப்பறைக்கு அனுப்புவது அரசின் கடமை.

ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு பகுதியும் இதில் உண்டு. ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயில் பள்ளிகளில் பணி ஓய்வை நெருங்கும் ஆசிரியர்கள் பலர் இவ்வரங்கில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வரும் பருவத்தில் தத்தம் பள்ளியின் புதிய ஆசிரியர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு பாடவேளை அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு கட்டு அரைத்தாளோடு அமர வேண்டும் என்பது இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் சார்பில் முன்வைக்கப்படும் வேண்டுகோள்.