இல்லத்தின் தரம்

அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் தங்கும் சிறு இல்லத்தில் பராமரிப்பு எப்படி என்பதைச் சாப்பாட்டு வேளையிலேயே கண்டுகொள்ளலாம். நல்ல இல்லத்தில், கை நடுங்குகிறவர் தாமே சோற்றைப் பிசைந்து உண்டு முடிக்கும்வரை ஊழியர் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். எந்தச் சட்டை வேண்டும் என்றும் அவரையே கேட்பார்.

கேட்பாரற்ற இடத்தில் நேரும் கொடுமையை, கொல்கத்தாவை அடுத்த ஹூக்ளி மாவட்டத்துக் குராப் என்ற ஊரில் நடந்தது காட்டியது. ஆதரவற்ற, மனநலம் பாதித்த பெண்கள் இருந்த இல்லத்தின் அருகே புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் உடல் 2012 ஜூலையில் தோண்டியெடுக்கப்பட்டது. வாய்விட்டு முறையிட முடியாதவர்களுக்கு வெளியார் வந்துபோவதே பெரிய காவல்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் சமையலறையையும் குளியலறையையும் சொல்லாமல் வந்து பார்க்கும் ஆய்வே பயன் தரும். ஆய்வோடு, ஊழியர் அடிக்கடி மாறாதிருப்பதும் முக்கியம்: பழகிய முகங்கள் மாறினால் சிலர் சாப்பிடவே மறுப்பதுண்டு. ஊழியர் நிலைத்திருக்க நல்ல சம்பளமும் பயிற்சியும் வேண்டும்.