மருந்துக் கடைக்காரர்தான் ஏழையின் டாக்டரா?
(உரையின் எழுத்து வடிவம்)



காய்ச்சல் வந்தால் நாம் முதலில் எங்கே போகிறோம்? டாக்டரிடமா? இல்லை. தெருமுனை மருந்துக் கடைக்குத்தான்! "உடம்பு வலி, காய்ச்சல். ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க பாய்" என்கிறோம். அவரும் கொடுக்கிறார்.

இதை அறியாமை என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது மட்டுமா காரணம்? சிந்தித்துப் பாருங்கள்! ஆரம்ப சுகாதார நிலையங்களில் புறநோயாளிகளைப் பெரும்பாலும் காலையில்தான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வரிசையில் நின்றால் கூலித் தொழிலாளியின் அன்றைய சம்பளம் போய்விடும். தனியார் டாக்டரிடம் போனாலோ ஃபீஸ், டெஸ்ட், மருந்து என்று கை கடிக்கிறது.

விளைவு என்ன? தேவையில்லாத ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்குகிறோம். கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறுகின்றன. நாளை உண்மையிலேயே உயிருக்குப் போராடும்போது அதே மருந்து கைகொடுக்காது!

சட்டம் இல்லாமலில்லை. பதிவு பெற்ற மருந்தாளுநரே டாக்டர் சீட்டுக்கு மருந்து தர வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டின் பார்மஸி சட்டம். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்ற விவரத்தைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் டாக்டரை அருகில் கொண்டுவராமல் கடைக்காரரை மட்டும் மிரட்டினால் ஏழை எங்கே போவான்?

மனமிருந்தால் முடியும் என்பதற்குத் தமிழகமே சாட்சி. 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வழிசெய்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 மணி வரையும் டாக்டர் இருப்பார் என்ற ஏற்பாட்டோடு திறக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் மலிவு விலையில் மருந்து விற்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன.

பாராட்டுவோம். ஆனால் திறப்பு விழாவோடு கடமை முடிந்துவிடுமா? பலகையில் டாக்டர் பெயர் இருந்தால் போதாது. நாற்காலியில் டாக்டர் இருக்க வேண்டும்!

நமக்கும் கடமை உண்டு. உங்கள் பகுதி மையம் எந்த நேரத்தில் இயங்குகிறது என்று விசாரித்து, அண்டை வீட்டுப் பெண்களுக்கும் சொல்லுங்கள். மருந்தின் மூலப் பெயரை எழுதித் தருமாறு டாக்டரிடம் கேளுங்கள். அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கலாம். டாக்டர், மருந்தாளுநர் பணியிடங்கள் காலியா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் பத்துப் பேராகப் போய் மனுக் கொடுங்கள்.

கேட்காதவன் வீட்டுக் கதவை எந்த அரசும் தானாக வந்து தட்டுவதில்லை. கேட்போம்! கிடைக்கும்வரை கேட்போம்!