மந்தையை விட்டுப் பிரியாத செம்மறி



வெள்ளாடு தழையைத் தேடித் தனியே போகும். செம்மறி மந்தையை விட்டு நகராது. இதை மந்தபுத்தி என்று கேலி செய்வோர் உண்டு. அது சரியல்ல. ஓர் ஆடு தலை குனிந்து மேய்கையில் இன்னொன்று நிமிர்ந்து பார்க்கிறது. ஒன்று மிரண்டால் எல்லாம் நெருங்கிக்கொள்ளும். அதில் ஒன்றைப் பிரித்துப் பிடிப்பது நாய்க்கு எளிதல்ல.

பட்டிக்குள் இதே குணம் ஆபத்தாகிறது. இரவில் நாய் புகுந்தால் ஆடுகள் ஒரே மூலையில் போய் நெருக்கும். கடிபடாத ஆடுகளும் அடியில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே பட்டியின் மூலைகளை வளைவாக அமையுங்கள். இளங்குட்டிகளைத் தனித் தடுப்பில் விடுங்கள்.

காலில் அடிபட்ட ஆட்டை மந்தை கண்ணில் படும் இடத்தில் கட்டுங்கள். தனிமையில் அது கத்திக்கொண்டே நிற்கும், தீனி எடுக்காது. மாலையில் மந்தைக்குப் பின்தங்கி வரும் ஆட்டை அன்றே பிடித்துப் பாருங்கள். நோய் கண்டிருக்கலாம்.