ஒரு நொதியின் குறையும் ஒரு சமுதாயத்தின் விழிப்பும்



உயிர்வேதியியலைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். துறையோ பெரிது, நேரமோ சிறிது. ஆதலின் கண்ணையும் மூளையையும் ஒருங்கே அழிக்கும் ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டே-சாக்ஸ் நோய் என்பது அதன் பெயர்.

1881ஆம் ஆண்டில் இலண்டன் கண் மருத்துவர் வாரன் டே, ஓராண்டுக் குழந்தை ஒன்றின் விழித்திரையை ஆராய்ந்தார். அதன் நடுப்பகுதியில் வெண்மை படர்ந்திருந்தது. வெண்மையின் மையத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. இரு கண்களிலும் அவ்வாறே. 1887இல் நியூயார்க் நரம்பியல் மருத்துவர் பெர்னார்டு சாக்ஸ், இறந்துபோன ஒரு குழந்தையின் மூளையை ஆராய்ந்து, நரம்பணுக்கள் உருக்குலைந்து கிடந்ததை எழுதினார். இருவரும் கண்டது ஒரே நோயைத்தான்.

இந்நோயுள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். சிரிக்கும்; முகம் பார்க்கும். ஏறக்குறைய ஆறாம் திங்களில், கற்றவற்றை ஒவ்வொன்றாக இழக்கத் தொடங்கும். சிறு ஓசைக்கும் திடுக்கிடும். பின்னர் பார்வை போகும், வலிப்பு வரும். பெரும்பாலும் ஐந்து வயதிற்குள் உயிர் பிரியும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகள் இவ்வாறு மாண்டதுண்டு. அவ்வீட்டைப் பற்றி ஊரார் என்ன பேசுவர் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதரிடையே இந்நோய் மிகுதியாக இருந்தது. அவர்களை வெறுத்தோர் இதையும் அவ்வினத்தின் இழிவாகப் பேசினர்.

உண்மைக் காரணம் ஆய்வுக்கூடத்தில்தான் கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் கிளெங்க், இக்குழந்தைகளின் மூளையில் ஒருவகைக் கொழுப்பு குவிந்திருப்பதைக் கண்டு, 1942இல் அதற்குக் கேங்க்ளியோசைடு என்று பெயரிட்டார். 1962இல் சுவீடன் நாட்டு சுவென்னர்ஹோம், குவிவது அவ்வகையில் ஜிஎம்2 என்னும் ஒன்றே எனத் தெளிவுபடுத்தினார். இக்கொழுப்பு நஞ்சன்று, நம் அனைவரின் நரம்பணுக்களிலும் உண்டாவதே. பழையதைச் சிதைத்து அகற்ற, உயிரணுவுக்குள் லைசோசோம் என்னும் சிற்றறைகள் உள்ளன. அங்கே ஹெக்சோசமினிடேஸ் ஏ என்னும் நொதி, ஜிஎம்2வின் நுனியிலுள்ள ஒரு சர்க்கரைக் கூறைக் கத்தரித்துவிடும். அந்நொதி இக்குழந்தைகளிடம் இல்லை என்பதை 1969இல் கலிபோர்னியாவில் ஒகாடாவும் ஓ'பிரையனும் கண்டறிந்தனர். வெட்டப்படாத கொழுப்பு குவிகிறது; அணு உப்புகிறது; மாள்கிறது.

சிவப்புப் பொட்டின் பொருளும் இப்போது விளங்கும். விழித்திரையின் நரம்பணுக்களில் கொழுப்பு நிறைவதால் அவை வெளுக்கின்றன. நடுக்குழியில் மட்டும் அவ்வணுக்கள் இல்லை. எனவே பின்னாலுள்ள குருதிப் படலத்தின் செம்மை அங்கே தெரிகிறது. நோயுற்ற இடம் வெண்மையே. அனைவரும் உற்றுநோக்கிய சிவப்பன்று!

இக்குறை பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நலமாகவே வாழ்வார். அவரைச் சுமப்பாளர் என்போம். சுமப்பாளர் இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் 4இல் 1 பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு. இத்தகைய மறைகுறைகள் சில மாந்தர் ஒவ்வொருவரிடமும் உள்ளன. தூய இரத்தம், உயர்ந்த குலம் என்று மார்தட்டுவோர் உடலிலும் உள்ளன என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நொதி தெரிந்ததும் இரத்த ஆய்வு எளிதாயிற்று. ஏ நொதி வெப்பத்தில் அழியும். அதன் உறவான பி நொதி தாங்கும். சூடாக்கும் முன்னும் பின்னும் அளந்தால் சுமப்பாளர் யாரெனத் தெரியும். 1971இல் மைக்கேல் காபக் என்னும் மருத்துவர், அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்டா நகரில், யூதர் வழிபாட்டுக் கூடத்திலேயே இவ்வாய்வைத் தொடங்கினார். அதற்குமுன் ஓராண்டுக்கு மேல் சமயத் தலைவர்களிடமும் பெற்றோரிடமும் விளக்கிப் பேசியே காலம் கழிந்தது. இளைஞர் தாமே முன்வந்து இரத்தம் தந்தனர். யூதரில் ஏறக்குறைய 30 பேருக்கு ஒருவர் சுமப்பாளர் எனத் தெரிந்தது. இருபது ஆண்டுகளில், வட அமெரிக்க யூதரிடையே இந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்தனர்.

கருவிலேயே ஆராய்ந்து, நோயுள்ள கருவைக் கலைத்தோர் பலர். சமய நெறி அதற்கு இடந்தராதோர் என் செய்வர்? இந்நோய்க்கு நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஜோசப் எக்ஸ்டீன் என்னும் சமய குரு, 1983இல் வேறு வழி கண்டார். மணமாகாதோரின் இரத்தத்தை ஆராய்ந்து எண் மட்டும் தருவது; மணம் பேசும்போது இரு எண்களையும் ஒப்பிட்டு, பொருத்தம் உண்டா இல்லையா என்று மட்டும் கூறுவது. யார் சுமப்பாளர் என்பது வெளிவராது, பெண்ணுக்குப் பழியில்லை. தன் உடலைப் பற்றிய செய்தியை உரியவருக்கே மறைப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆயினும் அவமானத்திற்கு அஞ்சிய மக்களை ஆய்வுக்கு அழைத்துவந்தது அம்முறையே.

நம்மிடம் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் உண்டு. தாய்மாமன் சுமப்பாளராயின், அக்காள் மகளும் அதே குறையைச் சுமக்க 4இல் 1 வாய்ப்புண்டு. உறவற்ற பெண்ணாயின் இந்நோயைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 300இல் 1 அளவே. இக்கணக்கு இதுபோன்ற வேறு நூற்றுக்கணக்கான நோய்களுக்கும் பொருந்தும். சொத்து சிதறாது, உறவு அறாது என்பன பெரியோர் கூறும் காரணங்கள். சிதறுவதற்குச் சொத்து எங்கே இருக்கிறது என்பதே என் ஐயம்.

நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. நொதிக்குரிய மரபணுவை இரு குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்த முயற்சி 2022இல் வெளியாயிற்று, அது தொடக்கமே. ஆகவே பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பார்வையும் அறிவும் தேய்ந்துவரும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே இரத்தத்தை ஆராயச் செய்யுங்கள். பின்னர் காரணம் அறிவது கடினம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மரபியல் பிரிவு உண்டு. குழந்தையின் மருத்துவக் குறிப்புகளையும், தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் யார் யாருக்கு உறவு என்ற விவரத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.