முதலில் பஞ்சாங்கம், பிறகு சங்கீதம்

ஆங்கிலேயர் குடியேறிய வட அமெரிக்காவில் முதல் அச்சு இயந்திரம் ஓடியது மாசச்சூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் ஊரில். தங்கள் வழிபாட்டுக்காகக் கடல் தாண்டி வந்த பியூரிட்டன்களின் ஊர் அது. அங்கே முதலில் அச்சானது வேதமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். வந்ததோ குடியுரிமை பெறுவோர் எடுக்கும் உறுதிமொழித் தாள். அடுத்து, 1639ஆம் ஆண்டுக்கு வில்லியம் பியர்ஸ் என்ற மாலுமி கணித்த பஞ்சாங்கம். வேதத்தின் சங்கீதப் புத்தகம் 1640 வரை காத்திருந்தது.

பக்தியை வயிற்றுப்பாடு முந்திக்கொண்டது என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணித்தவர்கள் யார் என்று பாருங்கள். ஹார்வர்டில் படித்துவிட்டுப் போதகர்களாகப் போனவர்கள் அவர்களில் பலர். 1646இல் கணித்த சாமுவேல் டான்ஃபோர்த் பிறகு ராக்ஸ்பரி சபையின் போதகர். 1683இல் கணித்தவர் காட்டன் மேதர். பஞ்சாங்கம் அவர்களுக்கு வெளியாள் சரக்கு அல்ல, சொந்தப் பிள்ளை. பிள்ளையைக் குளிப்பாட்டவும் பார்த்தார்கள். ஜனவரியும் மார்ச்சும் ரோமத் தெய்வங்களின் பெயர்கள் என்று ஒதுக்கிவிட்டு, மார்ச்சை முதல் மாதமாக வைத்து எண் போட்டவர்கள் உண்டு. புனிதர் திருநாள்களுக்கு இடமே இல்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659இல் சட்டமே போட்ட மண் அல்லவா!

ஆனால் பஞ்சாங்கத்தில் எவ்வளவு மதம் இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவு செய்தவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். இதுதான் என் வாதம். 1678ஆம் ஆண்டுக்கான ஜான் ஃபாஸ்டரின் பாஸ்டன் பஞ்சாங்கத்தைப் பிரித்தால் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஓர் ஆள் உருவம் நிற்கிறது. தலைக்கு மேஷம், பாதத்துக்கு மீனம், நடுவில் உறுப்புக்கு ஒரு ராசியாகப் பன்னிரண்டும். சந்திரன் எந்த ராசியில் நிற்கிறதோ அந்த உறுப்பில் அன்று கத்தி வைத்து இரத்தம் எடுக்கக் கூடாது. வேதத்தில் இல்லாத இந்த மனிதர் பிறகு எந்தப் போதகர் முறைத்தும் நகரவில்லை. 1687இல் ஜான் டல்லி ஜனவரியை முதல் மாதமாக்கி, திருநாள்களையும் திரும்பக் கொண்டுவந்தார். பென்சில்வேனியாவில் குவேக்கர் சபை டேனியல் லீட்ஸின் பஞ்சாங்கத்தைத் தடுத்தது. லீட்ஸ் சபையை விட்டார், பஞ்சாங்கத்தை விடவில்லை.

அச்சகத்தார் லாபத்துக்காகச் செய்ததை மக்களின் நம்பிக்கை என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். லாபம்தான், மறுக்கவில்லை. தம் பஞ்சாங்கம் ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிகள் வரை விற்றதாக பெஞ்சமின் ஃபிராங்க்ளினே எழுதியிருக்கிறார். ஆனால் யாரும் விரும்பாத பக்கத்தை ஆண்டுதோறும் கூலி கொடுத்து அச்சிட்டு எந்த அச்சகத்தார் பிழைத்தார்? இதெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்பதும் சரிப்படாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தை 1659ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கத்தில் விளக்கியவர் ஹார்வர்டைச் சேர்ந்த செக்கரையா பிரிக்டன். புது வானியல், ராசி, நீதிமன்ற நாள், கடல் ஏற்றவற்றம் எல்லாம் ஒரே கட்டுக்குள் வந்தன. வாசகர் எதையும் எதற்காகவும் கிழித்துப் போடவில்லை.

சபைகளுக்கு இது உறைக்க நெடுநாள் ஆயிற்று. 1821 முதல் நியூ இங்கிலாந்தின் துண்டுப்பிரசுரச் சங்கம் தானே ‘கிறிஸ்டியன் அல்மனாக்’ என்று ஒன்றை வெளியிட்டது. எதிர்த்துப் பயனில்லை, உள்ளே புகுந்துகொள்வோம் என்ற கணக்கு. கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன்.

அதே நியூ இங்கிலாந்திலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர் டேனியல் பூவர், வட்டுக்கோட்டை செமினரியின் தலைவர். 1829 மார்ச் 20ஆம் தேதி சந்திர கிரகணத்துக்கு அவ்வூர்ப் பஞ்சாங்கம் குறித்த நேரம் தவறு என்று அவர் முன்கூட்டியே சொன்னார். கிரகணம் அவர் கணக்குப்படிதான் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இன்றைக்கும் விற்கிறது.